ஜூன் ஒன்றாம் தேதிக்காரிகள்

ஆக்சுவரி ஆவதற்குப் பதின்மூன்று பேப்பர் எழுத வேண்டும். நான் ஆறு முடித்திருக்கிறேன், ஆறும் முதல் தடவையிலேயே. இதை யாரிடமும் சொல்லாமல் அடக்கமாக இருக்க எனக்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா, எங்கே கண்ணு வேலை என்று கேட்டால், வேலையைச் சொல்லிவிட்டு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று தம்பி கௌதமன் சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். வால்பாறையில் தேயிலை எஸ்டேட் ஆட்களுக்குக் கொடுக்கிற லைன் வீட்டின் ஒரே அறையில் நாலு பேர் படுத்த இடத்தில் உட்கார்ந்து படித்து மேலே வந்தவளுக்கு, கொஞ்சம் திமிர் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆக்சுவரி என்றால் என்ன என்று கேட்காத ஆள் கிடையாது. என் அப்பா நஞ்சப்பன் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். அவர் லைன் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிற விளக்கம் இது: "மனுசன் எப்பச் சாவான்னு எம்புள்ள கணக்குப் போட்டுச் சொல்லிப்போடும்." இதைக் கேட்ட எதிர்வீட்டு வெங்கடம்மாள் ஒரு வாரம் என் முகத்தில் முழிக்கவே இல்லை. நான் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அப்பா சொல்வது தப்பு. ஒரு ஆள் எப்போது சாவார் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் இருந்தால் அதில் எத்தனை பேர் எத்தனை வயதுவரை இருப்பார்கள், எத்தனை பேர் வேலையை விட்டுப் போவார்கள் என்று ஓரளவு சொல்லலாம். ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கு வேலை முடிந்து போகும்போது கிராஜுவிட்டி என்று ஒரு தொகை கொடுக்க வேண்டும். அதற்கு இன்றைக்கே எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் ஆக்சுவரி. எங்கள் அலுவலகத்தில் கையெழுத்து தனபால் சாருடையது. கணக்கு எங்களுடையது.

அலுவலகம் என்றால் பெரிய கண்ணாடிக் கட்டடம் இல்லை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடி. தனபால் சார், அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற பிந்து அக்கா, என்னோடு சேர்ந்த வர்ஷினி, நான், இன்னும் இரண்டு பேர். வர்ஷினி வீட்டுக்கு கணபதியில் மோட்டார் பம்ப் கம்பெனி இருக்கிறது. அவள் வேலைக்கு வருவது பொழுது போகாமல் என்று முதல் வாரம் நினைத்தேன். இல்லை, கெட்டிக்காரி. அதனால் அவளை முந்த வேண்டும் என்று எனக்கு இன்னும் வெறி.

தனபால் சாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெருந்துறைப் பக்கம் தோட்டந்துரவுள்ள குடும்பம். மும்பையில் இருபது வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவரிடமும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். ஆனால் கோபம் வந்தால் நம்மைப் போலக் கத்த மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ஒரு வாக்கியத்தில் நாலு "ங்க" வந்துவிட்டால் பிந்து அக்கா மெதுவாக எழுந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போய்விடுவார்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிற நேரத்தில் அந்த எஸ்டேட் ஃபைல் வந்தது. எங்கள் எஸ்டேட் இல்லை. அதே மலையில் வேறொரு கம்பெனியுடையது. எஸ்டேட் கைமாறப்போகிறது. வாங்குகிறவர், எத்தனை ஆட்கள், அவர்களுக்கு எவ்வளவு கிராஜுவிட்டி பாக்கி நிற்கும் என்று ஆக்சுவரி கையெழுத்தோடு கேட்கிறார். அறுநூற்று நாற்பத்திரண்டு வரி கொண்ட பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஆள் நம்பர், பெயர், பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி, சம்பளம். எல்லாம் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்.

கூடவே அந்த எஸ்டேட் கம்பெனியின் கோவை தலைமை அலுவலகத்தில் ஆட்களைக் கவனிக்கிற சுரேந்தர் என்பவர் ஒரு மெயிலில் சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் மாற்றினபோது சிலருக்கு இரண்டு நம்பர் விழுந்துவிட்டதாம். ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடச் சொன்னார்.

எனக்கு இந்த மாதிரி வேலை அல்வா. வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்தேன். பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, சேர்ந்த தேதி ஒன்று. இந்த நாலும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று விதி வைத்தேன். முப்பத்தொரு வரி வந்து விழுந்தது. பட்டியலை சுரேந்தருக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில், சரி, நீக்கிவிடுங்கள் என்று பதில் வந்தது. நீக்கினேன். அறுநூற்றுப் பதினொன்று. டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. வர்ஷினி எட்டிப் பார்த்துவிட்டு, இதற்குள்ளேயா என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் மதியம் ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கணக்கு முழுவதும் முடிந்தது. சார் புரட்டிப் பார்த்தார். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் அம்மணி என்றார். அவர் வாயிலிருந்து அந்த "நன்றாக" வந்து நான் கேட்டதே இல்லை. பிறகு பிந்து அக்காவைக் கூப்பிட்டு, என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தை அடித்து வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு எஸ்டேட் ரிப்போர்ட் போக வேண்டும், இரண்டிலும் சேர்ந்தாற்போல் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். நான் நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தேன். மேஜைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு சாயங்காலமே உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். இந்தச் செய்தியைப் போனில் சொல்ல எனக்கு மனசில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு லைனில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். கௌதமன், சம்பளம் ஏறுமா என்று மட்டும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து எனக்காகக் கோழி அரிந்துகொண்டிருந்தார். அம்மா பெயர் மாரியாத்தாள். முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெருமை அடிக்க ஆரம்பித்தேன். எந்த எஸ்டேட் என்று சொல்லக் கூடாது, சொல்லவில்லை. ஒரு கம்பெனிப் பட்டியலில் முப்பத்தொரு பேர் இரண்டு தடவை வந்திருந்ததாகவும், அரை நாளில் நான் அத்தனையையும் பிடித்துத் தூக்கிப் போட்டதாகவும் சொன்னேன்.

"அது எப்படிக் கண்ணு ஒரே ஆளுன்னு தெரியும்?" என்று அம்மா கேட்டார்.

"பேரு ஒண்ணு, இனிசியல் ஒண்ணு, பொறந்த தேதி ஒண்ணு, வேலைக்குச் சேந்த தேதி ஒண்ணு. நாலும் ஒத்துப்போனா ஒரே ஆளுதானம்மா."

அம்மா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நானும் மேல்லைன் மாரியாத்தாளும் ஒரே ஆளா?"

எனக்கு உடனே புரியவில்லை. மேல்லைன் மாரியாத்தாள் புருஷன் பெயர் நடராசன். என் அப்பா நஞ்சப்பன். இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. அம்மா சிரித்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். தற்காலிகமாக இருந்தவர்களை பர்மனென்ட் பண்ணின அன்றைக்கு எஸ்டேட் ஆபீசில் நாற்பது பெண்களை வரிசையில் நிறுத்தினார்களாம். வயசு என்ன என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? எழுதுகிற ஐயா முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டுக்கொண்டாராம், இரண்டு மாரியாத்தாளுக்கும் ஒரே வருஷம். தேதி கேட்டால் பள்ளிக்கூடம் திறக்கிற தேதியை எல்லோருக்கும் எழுதிவிட்டாராம். ஜூன் ஒன்று. நாற்பது பேருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள், ஒரே நாளில் வேலை.

"அந்தக் கணக்குல பாத்தா என்னையவும் அழிச்சுப்போடுவியே கண்ணு," என்றார் அம்மா. கேலியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கோழியை அரியப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் பிறந்தநாள் ஜூன் ஒன்று என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் உதவித்தொகை விண்ணப்பத்திலும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மேல்லைன் மாரியாத்தாளுக்கும் அதே தேதி என்று லைன் முழுக்கக் கேலி பேசுவார்கள், அதுவும் தெரியும். வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியலில் ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று என்று வரிசையாக வந்ததைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, அடடா எவ்வளவு இரட்டைப் பதிவு என்று சந்தோஷப்பட்டேன். ஆறு பேப்பர் பாஸ் பண்ணின மூளை. தூ என்று இருந்தது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. வேலை பர்மனென்ட் ஆன சந்தோஷத்தில் புள்ளைக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மலை இறங்கி ஆழியார் வருகிற வரைக்கும், பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? சுரேந்தர் மெயில் இருக்கிறது. கம்பெனியே சரி என்று சொன்னதற்கு நான் என்ன செய்வேன்? மூன்று மாதமாகப் பட்ட பாட்டுக்கு இன்றைக்கு ஒரு கையெழுத்து விழப்போகிறது. நானே போய், நான் செய்தது தப்பு சார் என்று நின்றால், அந்தக் கடிதம் என்ன ஆகும்?

ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். புது முதலாளி வருவார். இந்த அறுநூற்றுப் பதினொரு பேர்தான் ஆட்கள் என்று எழுதி வாங்கியிருப்பார். இவர்களில் ஒருத்தி வயசாகி வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றால், உன் பெயர் இதில் இல்லையே அம்மா என்பார்கள். நான்தான் நான் என்று நிரூபிக்க அந்த அம்மாள் எத்தனை நாள் அந்த ஜன்னலில் நிற்க வேண்டும்? அதுவும் யாரால்? ஒரு லைன் வீட்டுப் பெண்ணால். இதை நினைத்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அது நல்லதாகப் போயிற்று.

அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி பத்தே முக்கால். சார் மேஜையில் ரிப்போர்ட் இருந்தது, அதன்மேல் என் கடிதம். பேனாவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பையைக்கூடக் கழற்றாமல் போய் நின்று, கையெழுத்துப் போடாதீர்கள் சார் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் ஒன்று, நாற்பது பெண்கள், என் அம்மா, மேல்லைன் மாரியாத்தாள். முப்பத்தொரு பேரில் நிறையப் பேர் தனித்தனி ஆட்களாக இருக்கலாம் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீக்கியது யார் என்றார். நான்தான் என்றேன். சுரேந்தர் ஒத்துக்கொண்டாரே என்றார். ஐந்து நிமிஷத்தில் முப்பத்தொரு பேரை எவரும் பார்த்திருக்க முடியாது, அவர் பட்டியலைத் திறந்தே பார்க்கவில்லை என்றேன்.

"ஏனுங்க அம்மணி, பன்னெண்டு மணிக்கு ரிப்போர்ட்டு போகோணுமுங்க. உங்கம்மா சொன்னாங்கன்னு நான் எழுத முடியுங்களா? என்ற கையெழுத்துக்கு ஆதாரம் வேணுமில்லீங்களா?"

நாலு "ங்க" ஆகிவிட்டது. பிந்து அக்கா ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய்விட்டார். வர்ஷினி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஆதாரம் என்ற வார்த்தை மட்டும் மண்டைக்குள் ஓடியது. ஆதார் கார்டு பார்க்கலாமா? பார்த்தாலும் அதே ஜூன் ஒன்றுதான் இருக்கும், எஸ்டேட் காகிதத்தைக் காட்டித்தானே எல்லோரும் அதை எடுத்தார்கள். இவர்களைப் பற்றி எழுதியிருக்கிற எல்லாக் காகிதமும் அந்த ஒரு நாளில் எழுதினதன் நகல்தான். அப்படி இல்லாத காகிதம் எது?

அப்போதுதான் எனக்குத் தராசு ஞாபகம் வந்தது.

"சார், கொழுந்து எடை போடற சீட்டு இருக்குமுங்க. பறிச்ச கொழுந்தைத் தெனமும் ஒவ்வொரு ஆளுக்கும் எடை போட்டு, ஆள் நம்பருக்கு நேரா எழுதுவாங்க. நான் ஒரே ஆளுன்னு சொன்ன ரெண்டு நம்பருக்கும் ஒரே நாள்ல எடை விழுந்திருந்தா, அது ரெண்டு ஆளுதானுங்க. ஒருத்தி ஒரே நேரத்துல ரெண்டு மூட்டையைத் தூக்கிட்டு நிக்க முடியாதுங்க."

சார் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவரே போனை எடுத்து சுரேந்தரைக் கூப்பிட்டு, போன வாரத்து எடைச் சீட்டு உடனே வேண்டும் என்றார். அந்தப் பக்கம் சுரேந்தர், எதற்கு சார் இதெல்லாம், நாங்கள்தான் சரி என்று சொல்லிவிட்டோமே என்று இழுத்தது எனக்கே கேட்டது. அது வேண்டுமுங்க, வேண்டித்தானுங்க கேட்கிறேனுங்க என்றார் சார். இந்தத் தடவை அந்த மரியாதை என் மேலே விழவில்லை என்பதில் எனக்கு ஒரு அல்ப திருப்தி. சுரேந்தர் எஸ்டேட் ஆபீஸ் நம்பரைக் கொடுத்தார்.

எஸ்டேட்டில் எடுத்தவர் அனீஸ் என்கிற கிளார்க். நான் பேசினேன். ஆக்சுவரி ஆபீசில் எடைச் சீட்டு கேட்பதாவது என்று அவருக்கு வியப்பு. என் அம்மா சொன்னதையும் சேர்த்து, எதற்கு என்று சொன்னேன்.

"நீங்க எந்த எஸ்டேட்டுங்க?" என்று கேட்டார் அனீஸ்.

சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதினைந்து நிமிஷத்தில் ஆறு நாள் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்.

அந்தச் சீட்டைத் திறந்தேன். கையால் எழுதினது, தமிழில். தராசு முன்னால் நிற்கிறவர்கள் பெயர் மாறிவிடக் கூடாது என்று, அனீஸ் ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒரு அடையாளம் போட்டு வைத்திருந்தார். மாரியாத்தாள், நெட்டை. மாரியாத்தாள், கோயில் லைன். மாரியாத்தாள், கண்ணாடி. இங்கிலீஷ் பட்டியலில் நான் பார்த்த அதே மாரியாத்தாள்கள்தான். அதில் ஒரே ஆள் மாதிரித் தெரிந்தவர்களில் ஒருவர்கூட இதில் இன்னொருவர் மாதிரி இல்லை.

வர்ஷினி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் நம்பரையும் எடையையும் படித்தாள், நான் டிக் போட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு நம்பருக்கு இருபத்திரண்டு கிலோ, அதன் ஜோடி நம்பருக்குப் பத்தொன்பது. இரண்டு ஆள். புதன்கிழமை பதினேழு, இருபத்தாறு. இரண்டு ஆள். ஒருத்தி ஒரே நாளில் இருபத்தாறு கிலோவா என்று வர்ஷினி வாயைப் பிளந்தாள். சீசனில் என் அம்மா நாற்பது பறிப்பார் என்றேன். சும்மா இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு இருபத்தாறு பேர் தேறினார்கள். ஐந்து நம்பருக்கு மட்டும் ஆறு நாளும் எடையே இல்லை. அப்படியானால் அந்த ஐந்தும் நிஜமாகவே இரட்டைப் பதிவுதானே என்றார் சார். சுரேந்தர் சொன்னதில் அவ்வளவு உண்மை இருந்தது. ஆனால் ஒரு தடவை அவசரப்பட்டுச் சூடு பட்டவள் நான். எடை இல்லை என்றால் ஆள் இல்லை என்று ஆகாது, லீவாகவும் இருக்கலாம் என்றேன். மறுபடி அனீஸைக் கூப்பிட்டு லீவுப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். நாலு நம்பருக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாவது நம்பருக்கு லீவு எழுதியிருந்தது. மாரியாத்தாள், கிணற்றடி லைன். மகள் பிரசவத்துக்காகக் கொடுமுடி போயிருக்கிறார். அந்தப் பக்கத்தின் போட்டோவும் வந்தது.

இருபத்தேழு பேர்.

சார் அந்தக் காகிதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, கோபம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். "நீங்க அந்த மலையிலயே பொறந்து வளந்தவங்க. வெள்ளிக்கிழமை ஏன் அம்மணி தெரியல?"

பஸ்ஸில் வரும்போது இதைத்தான் நாலு மணி நேரம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். பதில் தயாராக இருந்தது, சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

"இங்கிலீஷ்ல வரிசையா இருந்துச்சுங்க சார். நான் வரியைத்தான் பாத்தேன், ஆளைப் பாக்கலீங்க. எங்கம்மா பேரு அதுல இருந்திருந்தாலும் அழிச்சிருப்பேனுங்க."

சார் அலமாரியிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அலுவலகத்தில் யார் தப்புச் செய்தாலும், என்ன தப்பு, எப்படித் தெரிந்தது, எப்படிச் சரிசெய்தது என்று அதில் எழுத வேண்டும். சாருடைய தப்புகளும் அதில் இருக்கின்றன, அவர் கையெழுத்திலேயே. நான் எழுதினேன். செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, நஞ்சப்பன் மனைவி மாரியாத்தாள், கொழுந்து பறிப்பவர் என்று எழுதினேன். சார் அதைப் படித்தார். அடித்து மாற்றச் சொல்லவில்லை.

பிறகு சுரேந்தரைக் கூப்பிட்டார். ரிப்போர்ட் பன்னிரண்டு மணிக்கு வராது, மூன்று மணிக்கு வரும் என்றார். இருபத்தேழு ஆட்களை எங்கள் ஆபீசில் தப்பாக விட்டுவிட்டோம் என்றார். எங்கள் ஆபீசில் என்றுதான் சொன்னார், ஒரு பெண் என்று சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவருக்காக நான் எந்த மலையையும் ஏறி இறங்கியிருப்பேன்.

என் கண் அந்தக் கடிதத்தின் மேலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். எடுத்துக் கவிழ்த்து ஒரு ஓரமாக வைத்தார்.

"அது கெடக்கட்டும். மொதல்ல ஆளுகளை உள்ள கூப்புடுங்க," என்றார்.

இருபத்தேழு வரியையும் ஒரே தடவையில் ஒட்டிவிடலாம், அரை நிமிஷ வேலை. அவர் விடவில்லை. தன் நாற்காலியை என் மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடுகிறவன் ஒவ்வொரு ஆளையும் பார்க்க வேண்டும் என்றார். நம்பரைப் படித்தார், பெயரைப் படித்தார், நான் அந்த வரியை உள்ளே கொண்டுவந்தேன். அதன் ஜோடி நம்பரைக் காட்டி, இது வேறு ஆள்தானா என்று கேட்டார். வேறு ஆள்தான், நெட்டை, வியாழக்கிழமை இருபத்தொரு கிலோ என்றேன். அடுத்தது. வேறு ஆள்தான், கோயில் லைன், பத்தொன்பது கிலோ. அடுத்தது.

முதலில் என் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பத்தாவது ஆள் வரும்போது சரியாயிற்று. பதினைந்து, பதினாறு வரும்போது, பஸ் ஸ்டாண்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து பிந்து அக்கா திரும்பி வந்துவிட்டார். வர்ஷினி விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். திரையின் அடியில் இருக்கிற எண் ஒவ்வொன்றாக ஏறியது. அறுநூற்று முப்பது. முப்பத்தொன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவும் இல்லை. என் தப்பைச் சரிசெய்கிற நேரத்தில் இவ்வளவு பெருமை வரலாமா என்று தெரியவில்லை. வந்தது.

கடைசி வரி. சார் லீவுப் புத்தகத்தின் போட்டோவை எடுத்துப் பார்த்தார். இதற்கு எடைச் சீட்டு கிடையாது. அதே பெயர், அதே எழுத்து, அதே ஜூன் ஒன்று.

"இது வேற ஆளுங்களா?"

"வேற ஆளுதானுங்க சார். கொடுமுடியில இருக்கறாங்க. வியாழக்கிழமை வந்துருவாங்க."

அறுநூற்று முப்பத்தெட்டு. சார் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஓரமாகக் கிடந்த கடிதத்தை நிமிர்த்தி, அதிலும் போட்டார்.